டிராஃப்டில் கிடந்த ராஜினாமா

வல்லக்கோட்டை முருகன் கோயிலில் என் தங்கை மகள் இசைவாணிக்கு மொட்டை அடித்துக் காது குத்திய அன்று நானும் அங்கே இருந்தேன், ஒரு போனுக்குள். நான் வேலை பார்க்கிற ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் அப்போதுதான் விடிந்திருந்தது. தங்கை கணவர் பகலவன் கூட்டத்துக்கு மேலே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தெரியுதாக்கா? கொழந்த தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சந்தனம் பூசிய ஒரு குட்டித் தலை தெரிந்தது. எங்கள் பெரியப்பா மகன் மடியில் அது திமிறிக்கொண்டிருந்தது. பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பட்டுப்புடவையில் என் தங்கை சசி.

அவள் கைப்பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்ததும் நான் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். ஊரிலிருந்து எந்த நேரத்தில் போன் வந்தாலும் யாருக்கு என்னவோ என்று பதறுகிற ரகம் நான். கண்ணெதிரே ஒருத்தி முகம் அப்படிப் போனால் கேட்கவே வேண்டாம்.

"எல்லாத்தையுமா? எல்லாத்தையுமா அனுப்பிட்டான்?" என்றாள் சசி.

அவள் என்னவாக வேலை பார்க்கிறாள் என்று சொன்னால்தான் இது புரியும்.

ஒரகடத்தில் கார்களுக்கு உள்ளே ஓடுகிற வயர்களைக் கட்டாகக் கட்டித் தரும் ஒரு தொழிற்சாலையில் சசிரேகா லைன் கிளார்க். இரண்டு லைனுக்கு நடுவே ஒரு கண்ணாடி கேபின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி. லைனில் நிற்கிறவர்களுக்குத் தனித்தனி மெயில் கிடையாது. லைனுக்கு ஒன்றுதான். லீவு, ஷிஃப்ட் மாற்றம், கிழிந்த ஷூ, கேன்டீன் சாப்பாடு, எது வேண்டுமானாலும் அந்த ஒரு மெயிலில் இருந்துதான் எச்.ஆருக்குப் போகும். உற்பத்திப் பிரிவிலும் தலைமை அலுவலகத்திலும் சிலருக்கு நகல் தானாகப் போகும். கீழே கேட்பவர் பெயரும் டோக்கன் நம்பரும் போட்டால் அது அவருடைய எழுத்து. தமிழில் எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தமிழில் எழுதினால் யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான். அதனால் எல்லோரும் சசியிடம் வருவார்கள்.

நானும் அவளும் எட்டாவது வரை சேரப்பணஞ்சேரியில் தமிழில் படித்தோம். பிறகு கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் ஆங்கிலம். எனக்கு அந்த ஆங்கிலம் விமானம் ஏற உதவியது. அவளுக்கு அடுத்தவர்களின் கோபத்தை மொழிபெயர்க்க உதவுகிறது.

மெயிலைப் பற்றி அவள் முன்னால் யாரும் குறைவாகப் பேசிவிட முடியாது. இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ் முன்பெல்லாம் சேரப்பணஞ்சேரி பிரிவில் நிற்காது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் பெண்கள் இருட்டில் திரும்பி நடந்து வருவார்கள். சூப்பர்வைசரிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்தது. "மேல சொல்லிக்கீறேம்மா" என்பார். மேலே யார் என்று அவருக்கே தெரியாது. சசி ஒரு நாள் உட்கார்ந்து ஒரு மெயில் எழுதினாள். ஒரு சுடுசொல் கிடையாது. பெண்களின் பெயர், நடக்கிற தூரம், விளக்கு இல்லாத இடம். தொழிற்சாலைத் தலைவருக்கு ஒரு நகல் போட்டாள். அடுத்த வாரமே பஸ் நின்றது. லைனில் வேலை பார்க்கிற சரோஜா அன்றைக்கு எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தாராம்: "நாம வாயால சொன்னா காதுல வாங்க மாட்டேன்றானுங்க. இவ நாலு தட்டு தட்டுனா பஸ்ஸே நிக்குது பாரு."

ஆனால் ரத்தினம் கதையும் அதே கேபினில் நடந்ததுதான். மெஷின் பழுது பார்க்கிற ரத்தினம் சூப்பர்வைசரோடு சண்டை போட்டுவிட்டு, சசி சாப்பிடப் போயிருந்த சமயம், தானே உட்கார்ந்து மனதில் வந்ததையெல்லாம் தட்டி அனுப்பிவிட்டார். அவர்கள் இருவரும் சாயங்காலமே ஒன்றாக டீ குடித்தார்கள். மெயில் மட்டும் மேலே ஏறிக்கொண்டே இருந்தது. இருவரையும் பார்த்தே இராத ஒருவர் அதைப் படித்தார். விசாரணை வைத்தார்கள். டீக்கடையில் முடிந்துபோன சண்டை காகிதத்தில் முடியவில்லை. ரத்தினம் இப்போது வேறெங்கோ வேலை பார்க்கிறார்.

அதற்குப் பிறகுதான் சசி ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். கோபமாக யார் வந்தாலும், அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவாள். படித்தும் காட்டுவாள். அனுப்ப மாட்டாள். "நாளைக்குக் காலைல வந்து அனுப்புன்னு ஒரு வார்த்தை சொல்லு, அனுப்பிடறேன்" என்பாள். முக்கால்வாசிப் பேர் மறுநாள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவர்கள் கோபமெல்லாம் டிராஃப்டில் கிடக்கும்.

"அழிச்சித் தொலையேன்டி" என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"நாளான்னைக்கு வந்து கேட்டா? அது அவங்க எழுத்துக்கா. நான் எப்படி அழிக்கிறது?"

பலராமனின் ராஜினாமா அங்கேதான் கிடந்தது.

பென்னலூர்க்காரர். கம்பெனி திறந்த நாளில் இருந்து அந்த லைனில் நிற்கிறார். மிச்சமிருக்கிற சில பெர்மனென்ட் ஆட்களில் ஒருவர். அவர் மனைவி ரத்னாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, டயாலிசிஸில்தான் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. அது பலராமனின் இ.எஸ்.ஐ. அட்டையில் நடக்கிறது. வேலை இருக்கிற வரைக்கும் அட்டை. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக லீவு கேட்டபோது, "உன் பொண்டாட்டிக்கு வாரா வாரம் நோவா?" என்று சூப்பர்வைசர் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். பலராமன் நேராகக் கேபினுக்கு வந்தார். "சசிம்மா, பேப்பர் போடு" என்றார். வேலையை விடுவதற்கு அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அவள் எழுதினாள். மூன்றே வரி. பெயர், டோக்கன் நம்பர்.

மறுநாள் காலை கேபின் கதவைத் திறந்து, "டீ குடிச்சியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

மகளின் காதுகுத்துக்கு சசி லீவு போட்டபோது, ஸ்டோர்ஸில் இருந்து லோகேஷை அவள் இடத்தில் உட்கார வைத்தார்கள். ஒப்பந்த ஆள். பொறுப்பானவன், ஒரு பேனா மூடியைக்கூடத் தொலைக்க மாட்டான் என்று பெயர். அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. ஷிஃப்ட் முடிந்து நாற்காலியை விடுகிறவர் அடுத்தவர் கையில் பெண்டிங் ஜீரோ என்று சொல்லித்தான் ஒப்படைக்க வேண்டும். எது பாக்கி இருந்தாலும் மறுநாள் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேட்பார்கள். மெயிலைத் திறந்த லோகேஷ், டிராஃப்டில் வரிசையாகக் கிடந்ததைப் பார்த்தான். முடிந்திருக்கிறது, பெயர் இருக்கிறது, நம்பர் இருக்கிறது, போகவேண்டிய முகவரியும் இருக்கிறது. அக்கா விசேஷ அவசரத்தில் மறந்துவிட்டாள், அவளுக்குக் கெட்ட பெயர் வந்துவிடக்கூடாது என்று ஒவ்வொன்றாகத் திறந்து அனுப்பிவிட்டான்.

கோயிலில் சசிக்கு வந்த போன் ஜாஸ்மினுடையது. லைனில் வயர் சொருகுகிற பெண்.

"யக்கா, அந்த சாம்பாரு மேட்டர எதுக்குக்கா எச்.ஆருக்குப் போட்ட? நான் சும்மா சிரிக்கத்தான எழுதச் சொன்னேன். கேன்டீன்காரன் என்னைத் தேடிகினு லைனுக்கே வந்துட்டான். சாம்பார்ல மீன் வளக்கலாம்னு எழுதினது நீதானான்றான். நான் இன்னா சொல்றது?"

"நான் போடலடி. லீவுல கீறேன்."

"லோகேஷண்ணன் எல்லாத்தையும் அனுப்பிச்சாராம். பெண்டிங் ஜீரோ பண்ணிட்டேன்னு குஷியா கீறாரு."

அப்போதுதான் அவள் "எல்லாத்தையுமா" என்று கேட்டது.

அடுத்து லோகேஷைக் கூப்பிட்டாள். பிறகு பகலவன் கையிலிருந்த போனை இழுத்துத் தன் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள். பின்னால் மேளம்.

"அக்கா, அனுப்பின மெயிலைத் திரும்ப வாங்க முடியுமா? லோகேஷ் ரீகால் குடுத்துட்டேன், கவலைப்படாதீங்கன்றான்."

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "யாரும் படிக்காம இருந்தா வரும் சசி. ஆனா வாங்கினவங்க எல்லாருக்கும் ஒரு அறிவிப்பு போகும், இவங்க இந்த மெயிலைத் திரும்ப எடுக்கப் பாக்குறாங்கன்னு."

"அப்போ படிக்காதவன்கூட படிப்பான்."

"ஆமா."

"எத்தனை பேருக்குப் போச்சோ" என்றாள். என்னிடம் இல்லை, தனக்குத் தானே. "பலராமண்ணனோட பேப்பர் அதுல கீதுக்கா."

பெர்மனென்ட் ஆட்களைக் குறைக்க வேண்டும் என்று அந்த வருடம் தலைமை அலுவலகத்தில் இருந்து நெருக்கிக்கொண்டிருந்தார்கள் என்பது லைனில் எல்லோருக்கும் தெரியும். தானாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற ஒருவருக்காக எச்.ஆரில் காத்துக்கொண்டிருந்தார்கள். ராஜினாமாவைத் திரும்பப் பெறலாம், ஆனால் எச்.ஆர். சம்மதித்தால்தான்; அதுவும் அவர்கள் ஏற்றுக்கொண்டோம் என்று பதில் போடுவதற்குள். பதில் போட்டுவிட்டால் போட்டதுதான்.

பத்தர் ஊசியோடு காத்திருந்தார். பகலவன், "காது குத்தின பொறவு போயேன் சசி. அவரு ஊசிய எடுத்துட்டாரு" என்றார். அவள் நின்றாள். ஒரு காது. குழந்தை வீறிட்டது. இன்னொரு காது. சசியின் கண் குழந்தையின் மேலேயே இருந்தது, ஆனால் விரல் அவளுடைய போனின் திரையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தது. கம்மலைத் திருகி முடித்ததும் குழந்தையை வாங்கி மார்போடு ஒருமுறை அழுத்தி, எங்கள் பெரியம்மாவிடம் கொடுத்தாள். "வண்டிச் சாவியக் குடுங்க."

அவள் போன பிறகு பகலவன் என்னிடம் கேட்டார்: "ஏன்க்கா, இவ வேலைய வுட்டுட்டு வந்துட மாட்டாளே?" எனக்குத் தெரியவில்லை. திரையில் சாமியானாவின் கூரை மட்டும் தெரிந்தது. இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சசியும் ஜாஸ்மினும் எனக்குத் தனித்தனியாகச் சொன்னவை. ஓரிடம் தவிர இருவர் சொன்னதும் ஒத்துப்போனது.

ஒரகடத்து ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பட்டுப்புடவையோடு ஸ்கூட்டரில் போய்க் கேட்டில் நின்றாள். செக்யூரிட்டி ஐயனார், தென்காசிப் பக்கத்து ஆள்.

"யக்கா, கல்யாணத்துக்கா வந்திய? லீவுல இருக்கியன்னுல்லா சிஸ்டம் சொல்லுது."

"உள்ள அர்ஜென்ட் ஐயனார். ரெண்டு நிமிஷம்."

"கேமரா பாத்துக்கிட்டு இருக்கான்க்கா. இன்னைக்கு ஒங்கள உள்ள விட்டா நாளைக்கு என்னைய வெளிய விட்டுருவான். ஒரு மெயிலு வரச் சொல்லுங்க. கதவத் தொறந்து ஆரத்தியே எடுக்கேன்."

அவள் லோகேஷைக் கூப்பிட்டாள். போனைக் காதிலிருந்து எடுப்பதற்குள் ஐயனாரின் கம்ப்யூட்டரில் லைன் மெயிலில் இருந்து அனுமதி வந்துவிட்டது. இதையும் சொல்ல வேண்டும். யாருடைய சிபாரிசும் இல்லாமல், யார் காலிலும் விழாமல், ஒரு வரி வந்தது, கதவு திறந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, விருந்தாளிகளுக்கு வைத்திருந்த பாதுகாப்பு ஷூவில் காலை நுழைத்தாள். பெரிய சைஸ். நடக்கும்போது லொடக் லொடக்கென்று சத்தம் வந்தது.

லைனில் ஆளுயரப் பலகைகள் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொருவர் முன்னால் வரும்போதும் அவருக்கான வயரைச் சொருகிக் கட்டி அனுப்ப வேண்டும். மாற்று ஆள் வராமல் யாரும் இடத்தை விட்டு நகர முடியாது. சசி போனில் சொன்னபடி ஜாஸ்மின் ஏற்கெனவே தன் இடத்தை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு பலராமன் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

"போண்ணா, உன் போர்டை நான் பாத்துக்கறேன். தப்பா சொருகினா உன் பேர்லதான் வரும், பரவால்லியா?"

"எங்க போறது? இன்னா விஷயம், புடவையெல்லாம் கட்டிகினு வந்துக்கீற?" என்று பக்கத்தில் வந்து நின்ற சசியிடம் கேட்டார் பலராமன். அவருக்கு எதுவும் தெரியாது. லைனில் இருப்பவர்கள் மெயில் பார்ப்பதில்லை. தொழிற்சாலையின் மாடியில் பாதிப்பேருக்குத் தெரிந்த செய்தி, யாரைப் பற்றியதோ அவருக்கு மட்டும் தெரியாது.

"அண்ணா, அன்னைக்கு ஒருநாள் கோவமா வந்து பேப்பர் போடச் சொன்னீங்களே."

"ஆமா."

"அது இன்னைக்குப் போயிடுச்சு."

அவர் கையில் இருந்த டேப்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார். கை தானாகச் செய்தது. "அது இன்னுமா கீது?"

"நான் அழிக்கலண்ணா."

"நாளைக்கி ரத்னாவுக்கு டயாலிசிஸ் கீதேம்மா" என்றார். அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று சசி பிறகு என்னிடம் சொன்னாள்.

எச்.ஆர். மாடியில். ஏசி அறை. மேலாளர் ஸ்ரீதர் நாற்பதைத் தாண்டியவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அதனாலேயே அவரிடம் பேசுவது கஷ்டம் என்பார்கள். இவர்கள் இருவரும் கதவருகே நிற்பதைப் பார்த்து, "வாங்க. நல்லதாப் போச்சு, உங்களைத்தான் கூப்பிடச் சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

அவர் திரை பக்கவாட்டில் திரும்பியிருந்தது. பலராமனுக்கான பதில் பாதி எழுதப்பட்டிருந்தது. தங்களது ராஜினாமாவை என்று ஆரம்பித்து ஒரு வரி, அடுத்த வரியின் நடுவில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் பலராமனுக்குப் புரியவில்லை. சசி படித்துவிட்டாள்.

"சார், அந்த மெயில் தப்பா வந்தது" என்றாள்.

"எது தப்பு? சாம்பாரா, பேப்பரா?"

"சார்."

"கேக்கறேன். பலராமன் எழுதலையா இதை?"

"நான்தான் எழுதினேன்."

"நீங்க எல்லாருக்கும் எழுதறீங்க. அது தெரியும். அவர் சொல்லித்தானே எழுதினீங்க?" என்று பலராமன் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னீங்களா?"

சசி பலராமனின் முழங்கையைத் தொட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் அவளைப் பார்த்தார், ஸ்ரீதரைப் பார்த்தார்.

"சொன்னேன் சார்" என்றார். "கோவத்துல சொன்னேன். மறுநாளே எனக்கு மனசு மாறிப் போச்சு."

"மாறினது எங்கேயாவது இருக்கா? எழுத்துல?"

டீ குடிச்சியாம்மா என்று பலராமன் அன்று கேட்டதுதான் மனசு மாறியதற்கு அத்தாட்சி. அதை எந்த மெயிலில் இணைப்பது?

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்றார் ஸ்ரீதர். உண்மையாகவே புரிந்தவர் போலத்தான் சொன்னார். "ஆனா எழுத்துல வந்ததுக்கு நான் எழுத்துல பதில் சொல்லணும். வந்ததை வரலைன்னு நான் வெச்சுக்க முடியாது. இருபது பேருக்கு இப்போ ரீகால் நோட்டீஸ் போயிருக்கு. தலைமை அலுவலகத்துலயும் பாத்திருப்பாங்க. ஏன் இன்னும் அக்செப்ட் பண்ணலைன்னு என்னைக் கேப்பாங்க."

அவர் கை மவுஸ் மேல் இருந்தது. சசிக்கு அந்தக் கையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. நேரில் வந்து நின்றால் மனிதன் மனிதனைப் பார்ப்பான் என்று நம்பி வந்திருந்தாள். அவர் பார்க்கத்தான் செய்தார். பார்த்தபடியே அந்தக் கையை எடுக்காமல் இருந்தார்.

அப்போது அவர் மேசை போன் அடித்தது. உற்பத்திப் பிரிவின் தலைவர் கார்முகில். லைன் முழுக்கக் கேட்கிற குரல் அவருக்கு. ரிசீவரைத் தாண்டி வெளியே விழுந்தது.

"ஸ்ரீதர், ரீகால்னு ஒண்ணு வந்துச்சு. தொறந்து பாத்தா பலராமன் பேப்பர் போட்டிருக்கான். யாரைக் கேட்டுப் போட்டான்? கஸ்டமர் ஆடிட் தலைக்கு மேல தொங்குது. அவன் ஸ்டேஷன்ல இப்போ யாரை நிக்க வெக்கிறது? நீங்க வந்து நிக்கிறீங்களா?"

"அவர் இங்கதான் சார் இருக்கார்."

"அங்க ஏன் இருக்கான்? லைன்ல யார் இருக்கா?"

போனை வைத்தபோது ஸ்ரீதரின் நெற்றி சுருங்கியிருந்தது. லோகேஷ் ரீகால் கொடுக்காமல் இருந்திருந்தால் கார்முகில் அந்த மெயிலைத் திறந்தே இருக்க மாட்டார். லைன் மெயிலில் இருந்து வருவதை அவர் படிப்பதே கிடையாது. இதை சசி என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

ஸ்ரீதர் மவுஸைத் தள்ளி வைத்தார். பிறகு, "ஒண்ணு செய்யலாம்" என்றார். "இது பலராமன் அனுப்பினது இல்லைன்னு எனக்கு ஒரு மெயில் வேணும். யார் அனுப்பினாங்க, எப்படி நடந்ததுன்னு. அது இருந்தா நான் மேல சொல்லிக்கலாம்."

"போட்டுடறேன் சார்."

"லோகேஷ்தானே அனுப்பினது? அவன் பேரைப் போட்டுடுங்க. முடிஞ்சுது."

லோகேஷின் ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் அது. எழுத்தில் அவன் பெயர் வந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். தனியாகக் காரணமும் சொல்ல மாட்டார்கள்.

"அவன் பெண்டிங் முடிச்சான் சார். முடிக்கலைன்னா நீங்கதான் கூட்டத்துல நிக்க வெச்சிருப்பீங்க" என்றாள்.

"அப்போ யார் பேரு?"

"என் பேரு போடறேன்."

பலராமன், "சசிம்மா, வேணாம்" என்றார்.

"அண்ணா, நீங்க கம்முனு இருங்க."

ஸ்ரீதர் எழுந்து தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டரைக் காட்டினார். சசி உட்கார்ந்தாள். ஷூ காலைவிட்டுக் கழன்று விழுந்தது. வெறும் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு தட்டினாள். தொழிலாளர்களின் சொந்தக் கடிதங்களை அனுமதி இல்லாமல் கம்பெனி மெயிலில் சேர்த்து வைத்திருந்தேன். திரு. பலராமன் அனுப்பச் சொல்லாத ஒரு கடிதம் என் கவனக்குறைவால் வெளியே போய்விட்டது. அவருக்கு இதில் தொடர்பு இல்லை. முழுப் பொறுப்பும் என்னுடையது.

ஒரு முறை படித்துப் பார்த்தாள். இந்த மாதிரி ஒன்றை வேறு யாராவது அவளிடம் எழுதச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வா என்றிருப்பாள். அவளுக்கு அதற்கு நேரம் இல்லை. அனுப்பிவிட்டாள்.

ஸ்ரீதரின் கம்ப்யூட்டரில் டிங் என்றது. திறந்து, நிதானமாக, கடைசி வரி வரைக்கும் படித்தார். வேறொரு ஃபோல்டருக்கு நகர்த்தினார். அது எந்த ஃபோல்டர் என்று அவளால் பார்க்க முடியவில்லை. பிறகு பலராமனுக்கான அந்தப் பாதிப் பதிலைத் திறந்து, பின்னால் இருந்து எழுத்து எழுத்தாக அழித்தார். கடைசி எழுத்து போகிற வரை சசி நாற்காலியில் இருந்து எழவில்லை.

"போய் லைன்ல நில்லுங்க பலராமன்" என்றார் ஸ்ரீதர். "மேடம், நீங்க லீவுதானே. கொழந்தைக்கு என்னவோ விசேஷம்னு கேள்விப்பட்டேன்."

படியிறங்கும்போது பலராமன் அழுதுவிட்டார் என்று லைனில் இருந்து பார்த்த ஜாஸ்மின் சொன்னாள். இல்லவே இல்லை, படியில் ஷூ தடுக்கி நான் விழப்போனேன், அவர் பிடித்தார், அவ்வளவுதான் என்று சசி சொன்னாள். லைனுக்குத் திரும்பிய பலராமனிடம் ஜாஸ்மின் இடத்தைக் கொடுத்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் சொருகிக்கீறேன். ரெண்டு மட்டும் டவுட்டு" என்றாளாம். அவர் அந்த இரண்டையும் தேடிக் கண்டுபிடிக்கிறதிலேயே மத்தியானம் போயிற்று. கேன்டீன்காரர் மட்டும் இன்னமும் ஜாஸ்மினுக்குச் சாம்பார் ஊற்றும்போது அடியைக் கலக்காமல் மேலாகவே ஊற்றுகிறாராம்.

சசி வல்லக்கோட்டை திரும்பியபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை தூங்கிவிட்டிருந்தது. நான் அதுவரை போனை அணைக்கவில்லை. இங்கே வேலைக்குக் கிளம்பி, ரயிலில் நின்றுகொண்டு, கேட்டுக்கொண்டே இருந்தேன். "முடிஞ்சுதா?" என்றேன். "அவருக்கு முடிஞ்சுது" என்றாள்.

அவளுக்கு முடியவில்லை. அவள் அனுப்பிய மெயிலுக்குப் பதில் வரவில்லை. எச்சரிக்கை இல்லை, விசாரணை இல்லை, மன்னிப்பும் இல்லை. ஸ்ரீதர் மாடிப்படியில் எதிரே வந்தால் எப்போதும் போலத் தலையசைக்கிறார். நேரில் ஒருவரிடம் தப்பை ஒப்புக்கொண்டால் அவர் முகத்திலேயே ஏதாவது தெரிந்துவிடும். திட்டுவார், விடு என்பார். மெயிலில் ஒப்புக்கொண்டது அப்படியே இருக்கிறது, கெடாமல், பழசாகாமல். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆடிட் முடிந்தது. வருடக்கடைசி மதிப்பீடு வந்தது, போனது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் எனக்கு இங்கே தூக்கம் கெட்டது.

டிராஃப்டை அவள் இப்போது காலியாக வைத்திருக்கிறாள். கோபமாக வருகிறவர்களுக்கு எழுதுவதும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலில் வாயால் சொல்லு என்கிறாள். பலராமன் ரத்னாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற நாட்களில் லீவு மெயிலை அவள்தான் போடுகிறாள். அது சொன்ன மாத்திரத்தில் போய்விடுகிறது, சொன்ன மாத்திரத்தில் அனுமதியும் வருகிறது.

போன வாரம் பேசும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. "ஒரு தடவை அந்த ஸ்ரீதர் ரூமுக்குப் போய் நேராக் கேட்டுடேன் சசி. அந்த மெயிலை இன்னா பண்ணீங்கன்னு. இப்படியே எத்தனை நாளைக்கு?"

இசைவாணி அவள் மடியில் உட்கார்ந்து கம்மலை இழுத்துக்கொண்டிருந்தாள். சசி அந்த விரலைப் பிரித்து எடுத்துவிட்டாள்.

"வேணாம்க்கா" என்றாள். "கேட்டா அவருக்கு ஞாபகம் வந்துடும்."